வாசல் திறந்தது, வளம் யாருக்கு?



1991-ல் நாட்டின் பொருளாதார வாசல் திறந்தது. அது நல்லதா, கெட்டதா என்று பட்டிமன்றம் போட்டே காலம் ஓடிவிட்டது. நம்ம ஊர்த் தறியைக் கேளுங்கள், பதில் கிடைக்கும்.

கச்சாப் பட்டுக்கு இறக்குமதி வரி 30 சதவீதமாக இருந்தது. 2011-ல் 5 ஆனது. 2013-ல் மறுபடி 15 ஆக ஏறியது. வரி குறைந்தால் நூல் வாங்குகிற நெசவாளிக்குச் சந்தோஷம்; கர்நாடகத்தில் பட்டுப்புழு வளர்ப்பவருக்கோ வயிற்றில் அடி. சரி, அந்த மலிவு நூல் கைத்தறிக்கு மட்டுமா வருது? விசைத்தறிக்கும் அதே நூல்தான்! கோர்வைக்குப் பிடிக்கும் நேரத்தை எந்த வரியும் குறைக்காது. சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் மட்டும் இருந்தால், திறந்த வாசலில் லாபம் யாருக்கு?

தறி வேண்டாம், ஆலைக்குப் போவோம் என்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் உற்பத்தி தொடங்கியது. வரி வழக்கு ஒருபக்கம், செல்போன் தொழிலே மைக்ரோசாப்டுக்குக் கைமாறியது மறுபக்கம். 2014 நவம்பரில் கதவு மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலை போச்சு! பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கிய ஹூண்டாயோ இன்றும் ஓடுகிறது.

ஆகவே, வாசலை அடைக்கச் சொல்லவில்லை நான். வருகிற கம்பெனி போகவும் கூடும். கற்ற தொழில் போகாது. அரசு சட்டத்தைக் காக்கட்டும். நாம் என்ன செய்யலாம்? மெக்கானிக்கல் படிக்கும் நம்மில் தறி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! கோர்வையின் சுமையைக் குறைக்க ஒரு கருவியை நம் புராஜெக்டாக எடுத்தால் என்ன?

சிந்திப்போம், செயல்படுவோம்!