மணி அடிக்காத வகுப்பு

ஃபுளோரிடா மாநிலத்தில் 1997-ல் தொடங்கப்பட்ட ஃபுளோரிடா வர்ச்சுவல் ஸ்கூல், அம்மாநில மாணவர்களுக்குக் கட்டணமின்றி இணையவழிப் பாடங்கள் நடத்துகிறது. உள்ளூர்ப் பள்ளியில் இல்லாத பாடத்தையும் படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் மணி அடிக்க ஆளில்லாத வகுப்பு அல்லவா! பகலில் பள்ளி, மாலையில் பாட்டு, பரதநாட்டியம். எனவே இணையப் பாடம் நள்ளிரவுக்குப் போய்விடுகிறது. பிள்ளை கண் விழித்துப் படிக்கிறானே என்று தாயார் பெருமையோடு காப்பி கலந்து கொடுக்கிறார்! 13 முதல் 18 வயது வரை, நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் படித்தது மனத்தில் தங்காது. இடையிடையே ஆசிரியர் தொலைபேசியில் பாடம் பற்றிக் கேட்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே பெற்றோர், பாடத்தில் சேர்க்கும் அன்றே மாலையில் அதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். நேரம் போதாவிட்டால் வேறொரு வகுப்பை, அது நம் கோயில் வகுப்பாகவே இருந்தாலும், அந்தப் பருவத்துக்கு நிறுத்தி வைக்கலாம்.