ஒன்பதைத் தலைகீழாகப் படித்தவர்

கர்ப்பப்பைப் புற்றுநோயின் அறிகுறிகளைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வீண் பீதி கிளப்பும் வேலை என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்டால் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லையாம். ஆகவே உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்கலாமாம்.

கணக்கு சரி, படித்த விதம்தான் கோணல். அந்தப் பத்தாவது பெண் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? இன்னொரு ஒன்பதையும் அவர் வசதியாக மறந்துவிட்டார். மாதவிலக்கு நின்றபின் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேரிடம் இந்த ரத்தப்போக்கு இருந்திருக்கிறது. இவ்வளவு பட்டவர்த்தனமாகக் காட்டிக்கொடுக்கும் புற்றுநோய்கள் குறைவு. ஸ்கேனில் உட்சுவரின் தடிமனைப் பார்க்கிறார்கள்; 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் துளி சதை எடுத்துச் சோதிக்கிறார்கள். பெரும்பாலோர் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். அந்த நிம்மதியைத் தருவது பரிசோதனை. கட்டுரையாளர் அதைத் தன் வாயாலேயே வழங்கிவிடப் பார்க்கிறார்.

பாட்டிமார் இதெல்லாம் தெரியாமலே வாழ்ந்தார்களாம். வாழ்ந்தவர்களை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். ‘வயிற்றில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தாள்’ என்ற ஒற்றை வரியில் முடிந்துபோன அத்தைகளும் சித்திகளும் எந்தக் குடும்பத்தில் இல்லை?

உடலுறவுக்குப் பின் ரத்தம் கசிவதும், இரண்டு மாதவிலக்குக்கு நடுவே உதிரம் படுவதும், நாற்றத்தோடு வெள்ளைப்படுவதும் அவருக்கு அதே சூடுதான். இவை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்த நோய் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.2 லட்சம் பேருக்கு வருகிறது. 80,000 பேரை ஒட்டி இறக்கிறார்கள். பெரும்பாலோர் முற்றிய பிறகே வருகிறார்கள் என்று எந்தப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். அவர்கள் தாமதித்த நாட்களில் பீதி மிகுதியாக இருந்ததா, வெட்கம் மிகுதியாக இருந்ததா?

இதெல்லாம் கார்ப்பரேட் மருத்துவமனைகளின் வியாபாரம் என்றும் ஒரு போடு போட்டிருக்கிறார். அவர் திண்டுக்கல் வரை போய்வரலாம். அந்த மாவட்டத்தின் கிராமங்களில் 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம். அறிகுறி தலைகாட்டும் முன்பே பிடித்துவிடும் சோதனை இது. இந்தச் சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் இறப்பவர்கள் 35 சதவீதம் குறைந்தார்கள் என்று 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. இதில் கொள்ளையடித்த கார்ப்பரேட் எது என்று அவர் எழுதினால் நானும் தெரிந்துகொள்வேன்.

கொஞ்சம் யோசிக்க வைத்தது சினைப்பைப் புற்றுநோய் பற்றிய வாதம்தான். வயிறு உப்புசம், நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது எல்லாம் யாருக்குத்தான் இல்லை என்கிறார். மெய்தான். ஆனால் விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் வரும் வாயு வேறு. சமீபத்தில் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் படுத்துவது வேறு. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், ஆண்டுதோறும் ரத்தமோ ஸ்கேனோ பார்த்தும் இந்நோயின் இறப்புகள் குறையவில்லை என்று 2021இல் தெரிந்தது. முன்கூட்டிச் சலித்தெடுக்க நம்பகமான சோதனை இல்லை. மிச்சம் இருப்பது பெண்ணின் சொந்தக் கவனிப்புதான், அதுவும் முழு உத்தரவாதம் கிடையாது. அதையும் கைவிடச் சொல்வதற்கு இவருக்கு எப்படி மனம் வந்தது?

தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள் என்று அவர் கொதிப்பது நியாயம். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களுக்கு நடந்த இந்தக் கொடுமை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023இல் மாநிலங்களுக்கு உத்தரவும் வந்தது. ஆனால் அந்தப் பெண்கள் எப்படிச் சம்மதித்தார்கள்? ‘எடுக்காவிட்டால் புற்றுநோய் ஆகிவிடும்’ என்ற மிரட்டல்தான் பலரைக் கட்டிலில் படுக்கவைத்தது. எது அறிகுறி, எது இல்லை என்று அறிந்தவள், ‘சதைப் பரிசோதனை செய்தீர்களா, முடிவைக் காட்டுங்கள்’ என்று கேட்பாள். கட்டுரையாளர் சொல்கிறபடி நடப்பவளுக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.