புழு அறையின் ஈரக்கணக்கு

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் திடுக்கிடலாம். அங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு அது ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் போல இன்னொரு ஊர்ப்பெயர். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த அவர்களுடைய பாட்டன்மார் இறங்கி வேலை செய்த சுரங்கங்கள், தங்கத்தைப் போலவே காற்றையும் அளந்து பார்க்கவேண்டிய இடங்கள். அதற்கான கருவி மிக எளிது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் மட்டும் நனைந்த துணி சுற்றியிருக்கும். துணியின் ஈரம் காய்ந்தால் அந்தக் குமிழ் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துணி காயாது. இரண்டு வெப்பமானிகளும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும். மனித உடம்பில் வியர்வையும் அப்படித்தான்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அடியில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தொட்டது. துளையிடும்போது தூசி பறந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடாது என்று தண்ணீர் பாய்ச்சினார்கள். தூசி அடங்கியது, காற்று நனைந்தது. சிலிகோஸிஸுக்குப் பயந்து விட்ட தண்ணீர் வியர்வையைக் காயவிடாமல் செய்தது. அதனால்தான், 'ஏசி' என்ற சொல்லையே சாமானியன் கேட்டிராத 1930களின் இறுதியில் அங்கே காற்றைக் குளிரூட்டும் இயந்திரம் வந்தது. தொழிலாளி மேல் கொண்ட கருணை மட்டுமே காரணம் என்று நினைப்பதற்கில்லை. ஈரக்காற்றில் சம்மட்டி ஓங்காது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் அந்த இரட்டை வெப்பமானி கோலார் மாவட்டத்தை விட்டுப் போகவில்லை. கிராமங்களில் பட்டுப்புழு வளர்க்கும் அறைகளின் சுவரில் அது தொங்குகிறது. அங்கே வளரும் புழுக்களில் ஒரு கலப்பினத்துக்குப் பெயரே 'கோலார் கோல்ட்'. தூய மைசூர் இனத்தையும் சி.எஸ்.ஆர். 2 என்ற இனத்தையும் சேர்த்து உருவாக்கியது. கூட்டின் நிறமும் மஞ்சள்தான்.

சுரங்கத்தில் கேள்வி ஒன்றே ஒன்று: ஈரத்தை எப்படிக் குறைப்பது? புழு அறையில் அது அவ்வளவு சுலபமல்ல. இருபத்தைந்து நாள் சொச்சத்துக்குள் ஒரே அறை முதலில் ஈரமாகவும் பிறகு உலர்வாகவும் மாறியாக வேண்டும். பட்டுப்புழு தண்ணீர் குடிப்பதில்லை. அதற்கு வேண்டிய நீர் முழுவதும் மல்பெரி இலையிலிருந்துதான் வருகிறது. முட்டையிலிருந்து எறும்பளவில் வெளிவரும் புழு, துளிர் இலையை ஓரம் கடித்துத் தின்னும். பொடியாக நறுக்கிய இலை சீக்கிரம் வாடிவிடும். வாடினால் புழு பட்டினி. எனவே முதல் பருவத்தில் 27-28 டிகிரி வெப்பமும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதமும் வேண்டும் என்கிறது ஏடு. இரட்டை வெப்பமானி மொழியில் சொன்னால், உலர்குமிழ் 28 காட்டும்போது ஈரக்குமிழ் 26.5ஐ ஒட்டி நிற்கவேண்டும். வித்தியாசம் ஒன்றரை டிகிரி, அவ்வளவுதான். தட்டின் மேலும் கீழும் மெழுகுத்தாள், ஓரத்தில் நனைத்த நுரைப்பஞ்சு, வெளியே ஈரச்சாக்கு. இவைதான் கருவிகள்.

கோலாரில் இது கோடைக்கால வேலை. மார்ச் முதல் மே வரை காற்று வறண்டு கிடக்கும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத மாவட்டம். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒரு காலத்தில் தங்கத்துக்காகத் தோண்டிய ஊரில் இப்போது தண்ணீருக்காகத் தோண்டுகிறார்கள். சாக்கை நனைக்கும் வாளித் தண்ணீருக்கும் அங்கே ஒரு விலை உண்டு. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். அதனால் நிலத்தடி நீர் உயர்ந்தது என்பவர்களும் உண்டு, அதன் தரத்தைச் சந்தேகிப்பவர்களும் உண்டு.

குளிர்காலத்தில் வேறு வேடிக்கை. கடல்மட்டத்துக்கு 800 மீட்டர் மேலே இருக்கும் ஊர். இரவில் குளிர் இறங்கும்போது அறையைச் சூடாக்கக் கரியடுப்பு வைப்பார்கள். வெப்பம் ஏறுகிறது, ஆனால் அதே காற்று சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம் தானாகவே இறங்கிவிடும். அடுப்பின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தால்தான் கணக்கு நேராகும். அனுபவமுள்ள வீட்டுப் பெண்கள் இதை எந்த வகுப்பிலும் படிக்காமல் செய்கிறார்கள். பட்டுப்புழு வீடுகளில் இரவு எழுந்து வெப்பமானி பார்ப்பது பெரும்பாலும் அவர்கள் வேலைதான்.

புழு நான்கு முறை தோலுரிக்கும். அந்தச் சமயத்தில் தின்னாமல் தலையைத் தூக்கி அசையாமல் கிடக்கும். அப்போது மெழுகுத்தாளை எடுத்துவிட்டுப் படுக்கையில் சுண்ணாம்புப் பொடி தூவி ஈரத்தை இழுக்கவேண்டும். அளவுக்கு மீறி உலர்ந்தால் தோல் கழலாமல் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள்தான், ஆனால் அந்த ஒரு நாளில் தவறினால் புழுக்கள் பெரிதும் சிறிதுமாகப் பிரிந்துபோய்ப் பிறகு ஒன்று சேராது.

நான்காவது, ஐந்தாவது பருவங்களில் விஷயம் தலைகீழ். நூறு முட்டைத் தொகுதி என்றால் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட புழுக்கள். பிறந்ததைவிடப் பத்தாயிரம் மடங்கு எடை கூடியவை. மொத்தத் தீனியில் ஐந்தில் நான்கு பங்கைக் கடைசி ஏழெட்டு நாளில் தின்று தீர்க்கின்றன. இலையிலிருந்து வரும் ஈரம், எச்சத்திலிருந்து வரும் ஈரம், புழுக்களின் மூச்சு, எல்லாம் சேர்ந்து அறையைப் புழுங்க வைக்கும். இப்போது வேண்டியது 24-25 டிகிரியும் 70-75 சதவீதமும். யாரும் தண்ணீர் தெளிக்க வேண்டாம். சன்னலைத் திறந்தால் போதும்.

திறந்தால் ஊசி ஈ வரும். 1980ல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த பட்டுக்கூடுகளோடு கர்நாடகத்துக்குள் நுழைந்த ஒட்டுண்ணி அது. புழுவின் மேல் முட்டையிடும். அதன் குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்னும். அதைத் தடுக்க சன்னலுக்கு நைலான் வலை அடித்தார்கள். வலை ஈயைத் தடுத்தது, காற்றையும் பாதி தடுத்தது. அறையைக் கட்டும்போதே கீழேயும் கூரையை ஒட்டியும் காற்றுத்துளை வைக்கச் சொல்லுகிறது மைசூரின் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிறுவனம். தனி அறை கட்ட வசதியுள்ளவருக்கு அது நல்ல யோசனை. சமையலும் படுக்கையும் புழுவும் ஒரே கூரையின் கீழ் என்றிருப்பவர் என்ன செய்வார்?

மழைக்காலத்தில் அவருக்குத்தான் முதல் அடி. குளிர்ந்த ஈரக்காற்றில் ஒரு பூஞ்சை புழுவின் தோலைத் துளைத்து நுழைகிறது. செத்த புழு சில நாளில் வெள்ளையாக, கட்டியாக, ஒடித்தால் சுண்ணாம்புக்கட்டி போல ஆகிவிடும். சுண்ணாம்புக்கட்டி நோய் என்றே அதற்குப் பெயர். இத்தாலியின் அகஸ்தினோ பஸ்ஸி 1835ல் இந்த நோயை ஆராய்ந்துதான், கண்ணுக்குத் தெரியாத உயிரி ஒன்று விலங்குக்கு நோய் தரமுடியும் என்று முதன்முதலாக நிரூபித்தார். பாஸ்டர் பட்டுப்புழுவிடம் வந்தது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து. மருத்துவ உலகத்துக்குப் பெரிய வெளிச்சம். நோய் விழுந்த வீட்டுக்கு ஒரு மாத உழைப்பும் இலைக்காசும் குப்பைக்குழியில்.

ஸ்கெலட்டனிலும் மற்ற லைன்களிலும் இருப்பவர்களுக்கு இந்த இன்னொரு கோலார் தங்கத்தில் பங்கு சொற்பம். பட்டுப்புழுவுக்கு மல்பெரி வேண்டும், மல்பெரிக்கு நிலம் வேண்டும். சுரங்கம் அவர்களுக்கு வேலை கொடுத்தது, குடியிருக்க லைன் வீடு கொடுத்தது, நிலம் கொடுக்கவில்லை. விடிவதற்கு முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். ரயில் போகும் வழியெல்லாம் அடுத்தவர் தோட்டம்.

புழு வளர்ப்பவருக்குக் கடைசிச் சோதனை, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது வருகிறது. முற்றிய புழுவைச் சந்திரிகையில் விட்டதும், கூடு கட்டுமுன் அது உடம்பிலுள்ள மிச்ச நீரை எல்லாம் வெளியேற்றும். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே இரவில். அறையில் ஈரப்பதம் 60-65 சதவீதத்துக்கு இறங்கவேண்டிய நேரத்தில் தரை நனைந்து கிடக்கும். கீழே பழைய காகிதம் விரித்துக் கதவைத் திறந்து வைத்தவர் தப்பினார். குளிருக்குப் பயந்து மூடியவர் வீட்டில் இழைகளின் பசை மெதுவாகக் காய்ந்து ஒன்றோடொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கூடு பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். சிட்லகட்டா சந்தையில் அதை வாங்கிக்கொண்டு போனவர் வெந்நீரில் போட்டு நூல் இழுக்கும்போது, அது அறுந்துகொண்டே வரும்.