உப்பு சுமந்தவர்கள் எந்தப் பக்கம்?

பாடசாலை விடுமுறை வந்தால் எங்கள் வீடுகளில் யுத்தம் தொடங்கிவிடும். மடிக்கணினியைச் சுற்றி நானாமாரும் சாச்சாமாரின் பிள்ளைகளும் உட்கார்ந்துவிடுவார்கள். ஜெர்மனியின் டைகர் டாங்கி சிறந்ததா, ரஷ்யாவின் ரி-34 சிறந்ததா? 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' விளையாட்டில் எந்த இராச்சியத்தைத் தெரிவு செய்தால் வெல்லலாம்? இந்த வாதம் இஷாத் தொழுகைக்குப் பிறகும் நீளும். "இது ஆம்பிளப் புள்ளைகள்ட கதை" என்று எங்களை அடுப்படிக்கு அனுப்புவோரும் உண்டு.

உயர்தரத்தில் வரலாறு படிக்கும் மாணவி என்ற வகையில் அந்தக் கதையில் எனக்கும் பங்குண்டு. ஆயுதத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அந்த ஆயுதத்தை ஏந்தியவனுக்கு உணவு கொண்டுவந்தவனைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவனை மறந்துவிட்டுப் படிக்கும் யுத்த வரலாறு பாதி வரலாறு என்பதே எனது கருத்து.

முதலில் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' இல் 2022 ஆம் ஆண்டு திராவிடர் என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. சுருள்வாள் வீரர்களும் பெரிய கப்பல்களும் அவர்களுக்கு உண்டு. சந்தோஷமான விடயம்தான். ஆனால் அந்த விளையாட்டில் ஒரு வீரனை உருவாக்கும்போது ஒரு தடவை உணவு செலவழித்தால் போதும். அதன்பின் அவன் சாப்பிடுவதில்லை. தேசப்படத்தின் ஒரு மூலையில் அறுவடை செய்த தானியம் மறு மூலையில் நொடியில் பயன்படுகிறது. இடையில் மலை, மழை, காய்ச்சல் எதுவும் இல்லை.

'சிவிலைசேஷன் 6' இல் எங்கள் கண்டியே வருகிறது. அது ஒரு நகர அரசு. அதை யாரும் தமது நாடாகத் தெரிவு செய்து விளையாட முடியாது. பெரிய அரசுகள் தூதர்களை அனுப்பி அதைத் தம் பக்கம் இழுக்கலாம். பணம் கொடுத்து அதன் படையை வாடகைக்குப் பெறலாம். அதிகத் தூதர்களை அனுப்பியவருக்குக் கண்டி கொடுக்கும் பரிசு புனிதச் சின்னங்கள். தலதா மாளிகை இருக்கும் நகரம் என்பதால் அப்படி அமைத்திருக்க வேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூன்று ஐரோப்பிய வல்லரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக இரு நூற்றாண்டுகளுக்கு மேல் சமாளித்த இராச்சியம் அது. 1815 இல்தான் வீழ்ந்தது.

அது எப்படிச் சமாளித்தது? 1803 ஐப் பாருங்கள். பெப்ரவரி மாதம் ஜெனரல் மக்டவலின் படை கண்டி நகருக்குள் நுழைந்தபோது நகரம் வெறுமையாக இருந்தது. பீரங்கியும் பயிற்சியும் ஆங்கிலேயரிடமே அதிகம். ஆனால் மழை தொடங்கியது, காய்ச்சல் பரவியது, உணவுப் பாதைகள் அறுந்தன. ஜூன் 24 ஆம் திகதி மேஜர் டேவி சரணடைந்தார். மாத்தளை நகரில் அந்த ஆண்டில் கட்டப்பட்ட மக்டவல் கோட்டையும் கைவிடப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது அதன் வாயில் மட்டும். அது ஒரு சேமக்காலையின் நுழைவாயிலாக நிற்கிறது. நாவுலவிலிருந்து மாத்தளைக்குப் பஸ் ஏறும் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்திருக்கிறோம்?

கண்டி இராச்சியத்துக்கும் ஒரு பலவீனம் இருந்தது. அது உப்பு. மலைநாட்டில் நெல் விளையும், பாக்கு விளையும், உப்பு விளையாது. 1766 உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் அந்தப் பலவீனம் இன்னும் கூடியது. கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் துணியையும் மலைக்கு ஏற்றியது தவளம். அதாவது பொதி மாடுகளின் வரிசை. திரும்பும்போது அந்த மாடுகள் பாக்கைச் சுமந்து இறங்கும். இதற்காக அரசில் 'மடிகே பத்த' என்ற தனித் திணைக்களமே இருந்தது. அதில் பணிபுரிந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கரையோரத்திலிருந்து போர்த்துக்கேயர் விரட்டியபோது கண்டி மன்னன் செனரத் ஏற்றுக் குடியமர்த்திய சமூகம் இது. அந்த நன்றிக்கடனை முதுகில் சுமந்ததைப் போல மாடுகளோடு மலையேறினார்கள்.

2023 இல் நெதர்லாந்து ஒரு சிறு பீரங்கியைத் திருப்பித் தந்தது. வெண்கலத்தில் வார்த்து, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்து, லெவ்கே திசாவை கண்டி மன்னனுக்கு அளித்த பரிசு. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்டுச் சென்றது. அது திரும்பி வந்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் அது மரியாதைக்காகச் செய்யப்பட்ட பீரங்கி. இராச்சியத்தை வாழவைத்தது மாட்டு முதுகில் வந்த உப்பு. பீரங்கியின் படத்தை எல்லோரும் பகிர்ந்தோம். தவளக்காரர் ஒருவரின் பெயர் கூட எங்களுக்குத் தெரியாது.

இந்த விளையாட்டுகளில் என்னை உறுத்தும் இன்னொரு விடயம், தொடங்கும்போதே ஒரு பக்கத்தைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது. தவளக்காரன் எந்தப் பக்கம்? அவன் கரையிலும் வாழ்ந்தான், மலையிலும் வாழ்ந்தான். இரண்டு பக்க மொழியும் அவனுக்குத் தெரியும். பாதை திறந்திருப்பதே அவனது பிழைப்பு. 1817 இல் வெல்லஸ்ஸவில் ஆங்கிலேயர் முஸ்லிம்களைச் சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து பிரித்து, அவர்களுக்கு மேல் தனியாக ஒரு முஸ்லிம் முகாந்திரத்தை நியமித்தனர். அந்த ஆண்டு வெடித்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. அதுவரை இரு பக்கத்தையும் இணைத்தவர்கள் ஒரே நியமனத்தால் ஒரு 'பக்கம்' ஆக்கப்பட்டார்கள். "நீங்கள் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி இந்த நாட்டு முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. எங்கள் தலைமுறையும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறது.

சுமப்பவர்களின் பெறுமதியை அறிய நூற்றாண்டுகள் பின்னால் போகத் தேவையில்லை. 2022 ஐ நினைத்துப் பாருங்கள். எந்தப் படையும் எங்களைத் தாக்கவில்லை. டீசல் மட்டும் இல்லை. தம்புள்ளையிலிருந்து நாவுல ஊடாக இரவிரவாக மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிகள் எரிபொருள் வரிசையில் நின்றன. தோட்டத்தில் மரக்கறி வாடியது. நகரத்தில் விலை ஏறியது. எங்கள் ஊர் லொறிச் சாரதிகளும் ஒரு வகையில் இன்றைய தவளக்காரர்களே.

விளையாடாதீர்கள் என்று சகோதரர்களுக்கு நான் சொல்லவில்லை. வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்காத பிள்ளைகூட இந்த விளையாட்டுகளால் சோழரையும் கண்டியையும் தேடிப் பார்க்கிறது, அது நல்லதே. ஆனால் டாங்கியின் இரும்புத் தகடு எத்தனை அங்குலம் என்று கேட்கும்போதே, அதற்கு எண்ணெய் எங்கிருந்து, யார் முதுகில் வந்தது என்றும் கேளுங்கள். பெற்றோரே, அந்த வாதம் நடக்கும் இடத்தில் உங்கள் பெண் பிள்ளைகளுக்கும் ஓர் ஆசனம் போடுங்கள். ஒரு வீட்டில் அரிசி எத்தனை நாளைக்குப் போதும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, ஒரு படை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று சொல்வது பெரிய காரியமல்ல.