இரண்டாம் பாகம் எப்போது இனிக்கும்?

பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பள்ளிக்கு வரும் மூன்றாம் படிவ மாணவன் ஒருவன், சென்ற மாதம் ஓய்வு நேரத்தில் என்னிடம் வந்தான். "சார், அடி படும் வாய்ப்பு 90 விழுக்காடுன்னு காட்டுது. அப்படின்னா பத்துக்கு ஒன்னு தவறணும்ல? தவறவே மாட்டேங்குதே!" சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் கொடுத்த பழைய நிண்டெண்டோ 3டிஎஸ் கருவியில் அவன் 'ஃபயர் எம்பளம்: அவேக்கனிங்' விளையாடுகிறான். எத்தனை அடி பட்டது, எத்தனை தவறியது என்று கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தான். ஆய்வுக்கூடத்தில் நான் எத்தனை முறை சொல்லியும் செய்யாத வேலை!

இது வியூக விளையாட்டு. சதுரங்கம் போல் கட்டம் கட்டமாகக் காய் நகர்த்த வேண்டும். ஆனால் ஒவ்வொரு காய்க்கும் பெயர் உண்டு, கதை உண்டு. போரிடப் போரிட அதன் திறனும் வளரும். 1990இல் ஜப்பானில் தொடங்கிய வரிசை இது.

அவன் சந்தேகம் சரியானதுதான். 2002இல் வெளிவந்த பாகத்திலிருந்து அவேக்கனிங் வரை, இந்த வரிசை 0 முதல் 99 வரை ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களைக் குலுக்கி எடுத்துச் சராசரி பார்த்தது. சராசரி 90க்குக் கீழே இருந்தால் அடி படும். மொத்தம் 10,000 இணைகள். அவற்றில் தவறுவன 190 மட்டுமே. ஆக, திரையில் 90 என்றால் உண்மையில் 98.1 விழுக்காடு. திரையில் 10 என்றால் உண்மையில் 2.1 விழுக்காடுதான். '90' என்றதும் 'நிச்சயம்' என்றே நம் மனம் எடுத்துக்கொள்கிறது. ஆட்டம் அந்த மனத்துக்கு ஒத்துப் போகிறது. இது ஏமாற்றா என்றால், பாதி ஆம் என்பேன். ஆனாலும் நல்ல தொடர்பாகம் எப்படி உருவாகிறது என்பதற்கு இது ஒரு தடயம். பழைய விதி ஆட்டக்காரனை எங்கே எரிச்சலூட்டியது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் திருத்தியிருக்கிறார்கள்.

என் பார்வையில், தொடர்பாகம் இனிக்க மூன்று வேண்டும்.

முதலாவது, பழைய அறிவு வீணாகக் கூடாது. வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை வெல்லும், ஈட்டி வாளை வெல்லும் என்ற முக்கோண விதி 1996இல் இந்த வரிசைக்குள் வந்தது. அவேக்கனிங்கிலும் அது அப்படியே இருக்கிறது.

இரண்டாவது, புதிதாக ஒரு முடிவாவது எடுக்க வைக்க வேண்டும். அவேக்கனிங்கில் இரண்டு வீரர்களை ஒரே கட்டத்தில் இணைக்கலாம். பலம் கூடும், ஆனால் களத்தில் ஆள் குறையும். எது மேல்? நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழி தெரிந்த பிள்ளை, மலாய்த் தோழியின் சொங்காக் பலகையைப் பார்த்தவுடன் ஆடத் தொடங்கிவிடும். குழிக்கு ஒன்றாகப் போடும் விதி தெரிந்ததே. ஓரத்தில் இருக்கும் சேமிப்புக் குழிதான் புதிது. யோசனையும் அங்கேதான் புதிதாகத் தொடங்குகிறது.

மூன்றாவது, தோல்வியின் விலையை ஆடுபவரே தீர்மானிக்கலாம். இந்த வரிசையில் களத்தில் விழுந்த வீரன் திரும்பி வரமாட்டான் என்பதே பழைய விதி. 2010இல் ஜப்பானில் மட்டும் வெளியான பாகத்திலும், 2012இல் வந்த அவேக்கனிங்கிலும், விழுந்தவர் அடுத்த போருக்குத் திரும்பும் எளிய முறையும் சேர்க்கப்பட்டது. பழைய ரசிகர்கள் சிலர், "இழப்பு இல்லாவிட்டால் முடிவுக்கு மதிப்பு ஏது?" என்று முகம் சுளித்தார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் கடின முறையை யாரும் எடுத்துவிடவில்லை. விரும்பியவர் அதையே ஆடலாம். இரண்டரை லட்சம் பிரதிகள் விற்காவிட்டால் இதுவே கடைசிப் பாகம் என்ற நிலையில் வெளிவந்த அவேக்கனிங், பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. எளிய முறை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாசலில் நின்றவர்களை அது உள்ளே அழைத்தது.

இதை அறிவியல் பக்கத்தில் எழுதக் காரணம் உண்டு. அந்த மாணவன் நான்காம் படிவத்துக்கான பாடத் தேர்வில் இயற்பியலை எடுக்கப் போவதில்லையாம். "அது வேற ஆட்டம் சார், தோத்தா அவ்வளவுதான்" என்றான். உண்மையில் அது இரண்டாம் பாகம்தான். இரண்டாம் படிவத்தில் படித்த விசையும் வெப்பமும் நான்காம் படிவ இயற்பியலில் மீண்டும் வருகின்றன. ஒரே கருத்தை ஆழம் கூட்டித் திரும்பத் திரும்பக் கற்பிக்கும் சுருள் பாடத்திட்டத்தை ஜெரோம் புரூனர் 1960இலேயே வலியுறுத்தினார். குறை எங்களிடம்தான். 'இது உனக்குத் தெரிந்த விதி, இது மட்டும் புதிது' என்று பிரித்துக் காட்டாமல் பாடத்தைத் தொடங்கிவிடுகிறோம். ஒரு சோதனையில் சறுக்கிய பிள்ளையை, களத்தில் விழுந்த வீரனைப் போல எழுதியும் விடுகிறோம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை விடிய விடிய விளையாடினால் கண்டியுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன், அந்த ஆட்டத்தில் என்ன கணக்குப் போடுகிறான் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

வெள்ளைப் பலகையில் 190 இணைகளையும் அவனே எண்ணி முடித்தான். பாடத் தேர்வுப் படிவம் இன்னும் அவன் பையில்தான் இருக்கிறது. கொடுக்கக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை.