கிளம்ப மறுக்கும் கணிப்பொறி

செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் மலை ரயில்பாதையை உங்களில் பலர் அறிவீர்கள். 2018-ல் அகலப் பாதையாகத் திறக்கப்படுவதற்கு முன், மீட்டர் பாதையாக இருந்த நாட்களில், ரயில் நிலையங்களில் கைகாட்டி மரங்கள் நின்றன. கம்பியை இழுத்தால் கை கீழே சாயும், வண்டி போகலாம். கை படுக்கையாக நின்றால் வண்டி நிற்க வேண்டும். இழுக்கும் கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? கையோடு இணைந்த எடை, கையைத் தானாகவே படுக்கை நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதாவது, பழுது ஏற்பட்டால் வண்டி நிற்குமே தவிர, ஆபத்தில் போய் மோதாது.

இப்போது ஒரு கேள்வி. கை படுக்கையாக நிற்கிறது என்பதற்காக, கைகாட்டி மரத்தையே வெட்டிவிட்டு வண்டியை ஓட்டச் சொல்வோமா? சொல்ல மாட்டோம். ஆனால் கணிப்பொறி விஷயத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

சென்ற ஆண்டு எங்கள் தெருவைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி தன் மடிக்கணிப்பொறியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'டெயில்ஸ்' என்னும் இயங்குதளத்தைப் பென் டிரைவில் எழுதி ஓட்டிப் பார்க்க அவளுக்கு ஆசை. டெயில்ஸ், பாதுகாப்பையே முதல் நோக்கமாகக் கொண்டது. பென் டிரைவிலிருந்தே ஓடும். கணிப்பொறியை அணைத்ததும், நாம் செய்த வேலையின் சுவடு எதையும் அதில் விட்டுவைக்காது. ஆனால் அவளுடைய பென் டிரைவு பாதித் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. யாரோ வெளியிட்ட பழைய வீடியோவில் 'செக்யூர் பூட்டை அணைத்துவிடு' என்றிருந்தது, அணைத்தாள். டெயில்ஸ் அப்போதும் ஓடவில்லை. அது போதாதென்று, மடிக்கணிப்பொறியில் முன்பே இருந்த இயங்குதளமும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுகொண்டது. "சார், என் பாடக்குறிப்பு முழுக்க உள்ளே இருக்கு" என்றாள். அழுகை வராத குறைதான்.

செக்யூர் பூட் என்பது என்ன? கணிப்பொறிக்கு மின்சாரம் கொடுத்ததும், தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறிய நிரல் முதலில் விழிக்கிறது. அது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரலை அழைக்கிறது. அழைக்குமுன், அந்த நிரலில் நம்பத்தக்க கையொப்பம் இருக்கிறதா என்று கணித முறையில் சோதிக்கிறது. இல்லையென்றால் நிறுத்திவிடுகிறது. இந்தச் சோதனை ஏன் தேவை? 1986-ல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' வைரஸ், பிளாப்பித் தட்டின் தொடக்கப் பகுதியில்தான் குடிபுகுந்தது. இயங்குதளம் விழிக்கும் முன்பே உள்ளே புகுந்துவிட்ட திருடனை, பிறகு விழிக்கும் காவற்காரன் எப்படிப் பிடிப்பான்?

எங்கள் ஆய்வு ஆய்வுக்கூட முறையில் நடந்தது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று; மாற்றியதை நோட்டில் எழுது. முதலில் செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கினோம். மீட்பு எண் கேட்பது நின்றது, பாடக்குறிப்புகள் பத்திரம். பூட்டின் சாவியைக் கணிப்பொறி, தொடக்க அமைப்பு மாறாதிருக்கும் வரைதான் தானாகக் கொடுக்கும். அமைப்பு மாறியதும் வேற்றாள் கைவைத்ததாகவே அது கருதுகிறது. அடுத்து, அதே பென் டிரைவை என் கணிப்பொறியில் செருகினோம். அங்கும் அதே இடத்தில் நின்றது. ஆகவே குறை அவளுடைய கணிப்பொறியில் இல்லை. பிறகு, இறக்கிய கோப்பைச் சரிபார்த்தோம். இணைப்பு அறுந்ததால் கோப்பு முழுமையாக வந்து சேரவில்லை! மறுபடி இறக்கி, சரிபார்த்து, எழுதினோம், ஓடிற்று. செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை. 2020 முதல் டெயில்ஸ் அதனுடன் ஒத்துப்போகிறது. வீடியோ அதற்கு முந்தியது.

சரிபார்ப்பது கடினமன்று. எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கு, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்துக்குறிகளாகச் சுருக்கிவிடும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் இந்தக் குறி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ஆனால் கோப்பை மாற்றிய திருடன், அருகே எழுதியுள்ள குறியையும் மாற்றிவிடலாமே? அதற்காகத்தான் கையொப்பச் சோதனையும் வேண்டும்.

காவலே தவறு செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யும். 2024 ஜூலை 19 அன்று 'கிரவுட்ஸ்டிரைக்' நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலுக்கான பழுதான புதுப்பிப்பால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று பல இடங்களில் கணிப்பொறிகளை ஒவ்வொன்றாகத் தொடங்கி, பழுதான கோப்பைத் தேடி நீக்கினார்கள். அதைச் செய்தவர்களுக்குத் தொடக்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தது.

செக்யூர் பூட்டை அணைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவைப்படும் இயங்குதளங்களும் உண்டு. கணிப்பொறி உங்களுடையது, உரிமையும் உங்களுடையது. ஏன் அணைக்கிறோம், எப்போது மீண்டும் இயக்குவோம், மீட்பு எண் கையில் இருக்கிறதா என்று தெரிந்து அணையுங்கள் என்கிறேன்.

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி தரத் தொடங்கியபோது, அதில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இருந்தது. கருவி கைக்கு வந்துவிட்டது. அது கிளம்ப மறுக்கும்போது காரணம் தேடும் பழக்கம் வந்ததா? 'பார்மட் போடு' என்பதே இன்றும் பலருக்குத் தெரிந்த ஒரே மருந்து. அது நோயையும் போக்கும். நோயாளியின் நினைவையும் போக்கும்.

ஆகவே பள்ளிகளுக்கு ஒரு யோசனை. கணிப்பொறிச் செய்முறைத் தேர்வில் நிரல் எழுதச் சொல்வதோடு, கிளம்பாத கணிப்பொறி ஒன்றையும் மேசைமேல் வையுங்கள். அது ஓடினால் பாதி மதிப்பெண் கொடுங்கள். ஏன் நின்றது என்று மாணவர் தம் நோட்டில் சரியாக எழுதியிருந்தால் மீதியையும் கொடுங்கள்.