பிறர் காசில் எத்தனை நாள்?

இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

பூரணாங்குப்பத்தில் ஓர் ஏழைக் கர்ப்பிணிக்கு நடு இரவில் வலி கண்டால் எங்கே போவாள்? எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. வைத்தியம் இலவசம். ஆனால் ஆட்டோ வாடகை இலவசமா? இழந்த கூலியை யார் தருவது? "எனக்குக் கருத்தடை வேண்டாம்" என்று அவள் சொன்னால், பக்கத்தில் நின்று பேச யார் இருக்கிறார்கள்?

அந்தத் துணையைத் தருபவை, பெண்களே கூடி நடத்தும் அமைப்புகள்தாம். 1981இல் செங்கல்பட்டுப் பகுதியில் கிராமத்துத் தலித் பெண்கள் முன்னின்று தொடங்கிய 'ருவ்செக்' அப்படிப்பட்டது. பின்னர் அவர்கள் ஒரு மருத்துவமனையையே நடத்திக் காட்டினார்கள்!

இது நமக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1976 நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் என்ற முஸ்லிம் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து, ஆண்களைப் பிடித்துச் சென்று கருத்தடை செய்ததே, மறந்துவிட்டீர்களா? 2014இல் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மேலிருந்து இலக்கு வைத்தால் ஏழையின் உடல் வெறும் எண்ணிக்கைதான்!

இத்தகைய அமைப்புகள் பல வெளிநாட்டு நிதியை நம்பின. 2020இல் அந்நிய நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பெரிய அமைப்பு வாங்கிய பணத்தைச் சிறிய அமைப்புக்குப் பகிர்வதும் தடையானது. 2025இல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. வாசிங்டனில் ஒருவர் பேனாவை எடுத்தால் இங்கே கிராமத்துச் செவிலியின் சம்பளம் நிற்கிறது. இது நியாயமா?

நிலைத்த நிதி என்பது நாம் அறியாத வித்தையா? 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை ஆணுக்கும் பெண்ணுக்கும் வைத்தியம் செய்தது. அதைத் தாங்கியது கடை வாடகை முதலான வக்பு வருமானம்! இந்த வழியை நாமே மறந்தோம். ஒருநாள் கல்யாண விருந்துக்கு லட்சங்களைக் கொட்டுகிறோம்.

ஜகாத்தைத் தொட வேண்டாம். அது உரியவர்களுக்கே போகட்டும். கல்லாவிலிருந்து நாளொன்றுக்கு பத்தே ரூபாய் எடுத்து வையுங்கள். ஐம்பது கடைகள் சேர்ந்தால் மாதம் 15,000 ரூபாய். ஒரு சுகாதார ஊழியருக்குத் தவறாத சம்பளம். ரமளானில் மட்டுமல்ல, பன்னிரண்டு மாதமும்! மீனவப் பெண்ணுக்கும் தலித் பெண்ணுக்கும் நம் பெண்ணுக்கும் சேர்த்தே!

ஒரு நிபந்தனை. பணம் கொடுத்தவர் நாற்காலி கேட்கக் கூடாது. முடிவெடுப்பது பெண்கள், ஊர் கேட்க வேண்டியது கணக்கு மட்டும். இளைஞர்களே, வசூல் நோட்டைக் கையில் எடுங்கள்!

இன்று கடையடைக்கும் முன் கல்லாவைத் திறந்து சிந்தியுங்கள்!